கருமத்தம்பட்டியில் தைத்த வானம்

என் பிரபஞ்சம் முப்பத்தொரு பிள்ளைகளின் தலைமேல் சரிந்து விழுந்ததால்தான் நான் கோயம்புத்தூர் போக வேண்டி வந்தது.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இருபத்தேழு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். சும்மா இருக்கத் தெரியாமல், காற்றடித்து நிமிர்த்தும் கோளரங்கக் கூடாரம் ஒன்றைப் பழையதாக வாங்கி, பள்ளி பள்ளியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, அரைப் பந்து வடிவம். பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போய் உட்கார்ந்தால், நடுவில் இருக்கும் புரொஜெக்டர் அவர்கள் தலைக்கு மேல் முழு வானத்தையும் விரிக்கும். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது, எதனால் ஆனது, எப்படி வளர்ந்தது என்று இருபத்தைந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். படைத்தவருக்கே அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்திருக்காது.

போன வருடக் கடைசியில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில், சரியாகப் பால்வீதி வருகிற நேரம், தையல் பிரிந்தது. கூடாரம் பெருமூச்சு விட்டு எல்லோர் மேலும் மெல்லப் படுத்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிள்ளைகளுக்கு நிகழ்ச்சியிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். கல்வி இலாகாவுக்குப் பிடிக்கவில்லை. புதுக் கூடாரம் கொண்டுவந்து அதிகாரி முன்னால் ஒருமுறை நடத்திக் காட்டினால் அனுமதி, இல்லாவிட்டால் இத்தோடு சரி என்று தேதி போட்டுக் கடிதம் வந்தது.

இந்தக் கூடாரங்களைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஆறு மாதம் கேட்டார்கள். என் கையில் இருந்தது மூன்று வாரம். அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி, தன் சம்பந்தி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை இருக்கிறது, துணி என்று எதைக் கொடுத்தாலும் தைத்துவிடுவார்கள் என்றாள். வரைபடத்தை முன்னாலேயே அனுப்பிவைத்துவிட்டு, காற்றடிக்கும் விசிறியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோயம்புத்தூரில் இறங்கிய மறுநாள், புதன்கிழமை, அவினாசி சாலையில் ஒரு பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினேன். "கருமத்தம்பட்டி போகணும்" என்றேன். "ஏறுங்க அம்மணி" என்றார் கண்டக்டர், ஏதோ தன் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பவர் மாதிரி. முக்கால் மணி நேரம் கழித்துப் பேருந்து ஒரு பாலத்தின் மேல் ஏறியது. கீழே கடைகள், தறிக்கூடங்கள், 'கருமத்தம்பட்டி' என்று எழுதிய பலகைகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"இங்க நிக்காதா?" என்று கத்தினேன்.

"இது பாலத்து மேல போற வண்டிங்க. கீழ போற வண்டி பின்னால வருமுங்க."

"அதை ஏறும்போதே சொல்லியிருக்கலாமே!"

"வெயில்ல நின்னுட்டு இருந்தீங்க. மொதல்ல ஏறட்டும்னு நெனச்சேனுங்க."

அவினாசியில் அவரும் என்னோடு இறங்கி, என் பெட்டியைத் தானே தூக்கி, எதிர்த்திசையில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏற்றி, "அம்மணியைக் கருமத்தம்பட்டியில பாத்து எறக்கி உட்டுருங்க, நம்மளால ஒரு தப்பாயிப் போச்சு" என்று அந்தக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் தப்புச் செய்தவர் குரலை உயர்த்துவார், நாமும் உயர்த்துவோம், மனசு ஆறிவிடும். இங்கே தப்புச் செய்தவரின் குரல் இறங்கிக்கொண்டே போகிறது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த ஐந்து நாளும் எனக்கு இதே பிரச்சினைதான்.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. முதலாளி ரங்கநாதனுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு சாக்பீஸ். பருத்தி விவசாயம் பார்த்த குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்களாம். அவர்கள் தைப்பதெல்லாம் லாரித் தார்ப்பாயும், கோழிப்பண்ணைகளின் பக்கவாட்டில் மழைக்கும் வெயிலுக்கும் இறக்கிவிடும் படுதாவும்தான்.

தையல் பிரிவுக்குத் தலைவி பழனியம்மாள். ஏறக்குறைய என் வயது. கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருக்குக் கீழே ஐந்து பெண்கள். என் வரைபடத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது கோழிக்குங்களா, ஆளுக்குங்களா?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களுக்கு. முப்பது பேர் உட்காருவாங்க."

"வழி ஒண்ணுதான் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு போதும். வழியைக் கூட்டினா வெளிச்சம் வரும்."

"கோழிக்கே ரெண்டு வழி உடுவோமுங்க. பயந்துபோச்சுன்னா எல்லாம் ஒரே பக்கம் ஓடி ஒண்ணு மேல ஒண்ணு உழுந்து செத்துப்போயிருமுங்க. கொழந்தைங்க அப்பிடி இல்லீங்களா?"

அன்று தோட்டப் பள்ளியில் முப்பத்தொரு பேர் ஒரே ஓட்டையை நோக்கித் தவழ்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. இருபத்தேழு வருட ஆசிரியைக்குத் தோன்றாதது. எதிர்ப்பக்கம் இரட்டை மடிப்புத் திரையோடு இன்னொரு வாசல் வைக்கச் சம்மதித்தேன்.

"ஞாயித்துக்கிழமை நான் விமானம் ஏறணும். முடிஞ்சுடுமா?"

"பண்ணிப்போடலாங்க" என்றார் ரங்கநாதன். முடியும் என்கிறாரா, முயற்சி செய்வோம் என்கிறாரா, முடியாது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரா? அன்று இரவு விடுதியில் வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை துணி வெட்டினார்கள். ஆரஞ்சுச் சுளை மாதிரி இருபத்துநான்கு துண்டுகள், ஒருவருக்கு நான்கு. மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார்கள். நான் கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுந்ததை யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் முன்னால் ஒரு தட்டு வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்துத் தாளித்த சாதம். அரிசிம்பருப்பு என்கிறார்கள். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிர். காலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு இல்லாவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. அந்த மதியத்திலிருந்து நாசி லெமாக்கைக் கொஞ்சம் குறைவாக நினைக்கிறேன். ஊரில் இதை யாரிடமும் சொல்வதில்லை.

சாப்பிடும்போது ரங்கநாதன் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், இதுக்குள்ள கொழந்தைகளுக்கு என்னதானுங்க காட்டுவீங்க?"

பிரபஞ்சம் என்றேன். அது எதனால் ஆனது என்று சொல்வேன் என்றேன்.

"எதனாலங்க?"

"நமக்குத் தெரிஞ்ச பொருள் எல்லாத்தையும் சேருங்க. மண்ணு, தண்ணி, நீங்க, நான், சூரியன், அத்தனை நட்சத்திரமும். எல்லாம் சேர்ந்து நூத்துக்கு அஞ்சு பங்குதான். இன்னொரு இருபத்தேழு பங்கு கண்ணுக்கே தெரியாத பொருள். இருக்குன்னு மட்டும் தெரியும், ஏன்னா அதோட இழுப்புலதான் நட்சத்திரக் கூட்டமெல்லாம் சிதறாம நிக்குது. மிச்சம் அறுபத்தெட்டு பங்கு, எல்லாத்தையும் தள்ளி விரிச்சுக்கிட்டே போற ஒரு சக்தி. அது என்னன்னும் தெரியாது."

பழனியம்மாள் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப சட்டியில பாதிக்கு மேல என்ன போட்டிருக்குதுன்னு ஆருக்குமே தெரியாதுங்களா?"

"யாருக்குமே தெரியாது."

"தெரியாதுன்னு கொழந்தைககிட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"அது நல்லதுங்க" என்றார். "எங்க டீச்சருக எல்லாம் தெரியாதுன்னு சொன்னதே இல்லீங்க. அதனாலதான் எனக்குப் படிப்பே ஏறுல."

ரங்கநாதனின் கைப்பேசி அடித்தது. எழுந்து நடந்துகொண்டே தெலுங்கில் பேசினார். நடுவே 'டீச்சர்' என்ற சொல் இரண்டு தரம் வந்து விழுந்தது. பழனியம்மாள் இருபத்திரண்டு வருடம் இங்கே வேலை பார்த்ததில் தெலுங்கைக் காதாலேயே கற்றுக்கொண்டவர். என் பக்கம் சாய்ந்து மொழிபெயர்த்தார்: "ஊட்டுக்காரம்மாகிட்டப் பேசறாருங்க. மலேசியா டீச்சர் மூக்குக்கு மேல கோவம் வர்ற ஆளாம். ஆனா நெய்யை வழிச்சுச் சாப்பிடறாங்களாம், அதனால நல்ல மனசாத்தான் இருக்குமாம்."

வெள்ளிக்கிழமை அந்த மூக்குக்கு மேல் கோபத்தைப் பட்டறையே பார்த்தது.

மாலை நான்கு மணிக்குத் தையல் முடிந்தது. நான் எதிர்பார்த்ததற்கு ஒரு நாள் முன்னால். கொட்டகைக்கு வெளியே காலி இடத்தில் கூடாரத்தை விரித்து, விசிறியைப் போட்டார்கள். கறுப்புத் துணி முனகிக்கொண்டு எழுந்து, ஆள் உயரத்தைத் தாண்டி, உருண்டு திரண்டு நின்றது. தையல் அவ்வளவு சீர். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. தவழ்ந்து உள்ளே போனேன். பின்னாலேயே பழனியம்மாளும் வந்தார்.

உள்ளே, ஒவ்வொரு தையல் கோட்டிலும், அடியிலிருந்து உச்சிவரை, வரிசை வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். ஊசி போன ஒவ்வொரு துளை வழியாகவும் வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"பாருங்க டீச்சர்" என்றார் பழனியம்மாள், பூரித்துப்போய். "நீங்க மெஷின் வெச்சுக் காட்டறதுக்கு முன்னாலயே நட்சத்திரம் தானா வந்துருச்சுங்க. எத்தன லட்சணமா இருக்குது!"

நான் கத்தினேன். இது நட்சத்திரம் இல்லை, ஓட்டை என்றேன். இருட்டு இல்லாமல் வானம் இல்லை என்றேன். வரிசை கட்டி நிற்கிற நட்சத்திரத்தை எந்த அதிகாரி பார்த்தாலும் சிரிப்பான், இத்தோடு என் நிகழ்ச்சி முடிந்தது என்றேன். வெளியே வந்து ரங்கநாதனிடமும் கத்தினேன். தறிக்கார ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழனியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"தார்ப்பாய்க்கு மழை எறங்காம மேல பட்டை ஒட்டுவோமுங்க, சூட்டுக் காத்து மெஷின்ல. மழை எறங்காத எடத்துல வெளிச்சமும் எறங்காதுங்களே? இருபத்துநாலு தையலுக்கும் கறுப்புப் பட்டை ஒட்டிப்போடலாங்க. நாளைக்கு."

"நாளைக்கா? சரி. நாளைக்கு."

ரங்கநாதன் தரையைப் பார்த்தார். "நாளைக்குக் கரண்டு இருக்காதுங்க. மாசத்துக்கு ஒருநா லைன் வேலைக்கு நிறுத்துவாங்க. காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும்."

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

"முந்தாநேத்தே பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"முந்தாநேத்து நான் இங்கதானே இருந்தேன்!"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னு…"

விடுதிக்குத் திரும்பும் வழி முழுக்க, கெட்ட செய்தியை மறைத்து வைப்பதுதான் இந்த ஊர்ப் பண்பாடா என்று பொருமிக்கொண்டே வந்தேன். அந்தப் பேருந்து பாலத்துக்குக் கீழே போகிற பேருந்து. எல்லா இடத்திலும் நின்றது.

சனிக்கிழமை எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆறு பேரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பழனியம்மாள் கையைக் காட்டினார். கூடாரம் மடித்து வைத்திருந்தது. இருபத்துநான்கு தையலிலும் கறுப்புப் பட்டை. விடியற்காலை நாலரைக்கே வந்திருக்கிறார்கள். அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான, தூரத்திலிருந்து வருகிற சுமதிக்கு அந்நேரம் பேருந்து கிடையாது என்று ரங்கநாதனே வண்டி எடுத்துப் போய் அழைத்து வந்தாராம். நேற்று நான் பேசிய பேச்சுக்கு ஒருவராவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "டீ ஆறிப்போகுமுங்க, குடிங்க" என்றார்கள்.

ஒன்பது மணிக்குத் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மூன்று நாளில் முதன்முறையாக அந்த ஊரின் அமைதியைக் கேட்டேன். ரங்கநாதன் ஒரு சின்ன ஜெனரேட்டரை உருட்டி வந்து விசிறிக்கு மட்டும் கரண்டு கொடுத்தார். கூடாரம் எழுந்தது. உள்ளே போனேன். கையை முகத்துக்கு நேரே நீட்டினேன். கை தெரியவில்லை. இத்தனை பள்ளிகளில் கூடாரம் போட்டும் இப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததே இல்லை.

இனி அன்று செய்ய வேலை ஒன்றும் இல்லை. "எல்லாரும் உள்ள வாங்க" என்றேன். ரங்கநாதன் உட்பட ஏழு பேரும் தவழ்ந்து வந்து உட்கார்ந்தார்கள். புரொஜெக்டர் ஊரில் இருந்தது. படம் இல்லாமல், வாயாலேயே அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் சொன்னேன்.

ஆயிரத்து முன்னூற்று எண்பது கோடி வருடத்துக்கு முன்னால் எல்லாம் நெருக்கமாக, நினைக்க முடியாத சூடாக இருந்தது என்றேன். பிறகு விரிந்தது, ஆறியது. ஆறும்போது எல்லா இடமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே சீராக இல்லை. இம்மி அளவு இங்கே கூட, இம்மி அளவு அங்கே குறைய. அந்தக் கோணல் இருந்ததால்தான் கூடிய இடத்தில் இன்னும் கூடி, திரண்டு, நட்சத்திரம் வந்தது. சீராக இருந்திருந்தால் நாம் யாரும் இல்லை. அந்த நட்சத்திரங்களின் வயிற்றில்தான் இரும்பு வெந்தது, சுண்ணாம்புச் சத்து வெந்தது. அவை செத்துச் சிதறிய தூசியில் இருந்துதான் சூரியனும் பூமியும்.

"அப்பக் கோழிமுட்டை ஓடுங்க?" இருட்டில் ரங்கநாதன் குரல்.

"அதுல இருக்கிற சுண்ணாம்பும் நட்சத்திரத்துல வெந்ததுதான்."

"ஏனுங்க டீச்சர், மொதல்ல வெடிச்சுதுன்னு சொல்றாங்களே. அது எந்தப் பக்கமுங்க? வடக்கயா, தெக்கயா? நடு எதுங்க?"

எல்லாப் பள்ளியிலும் கேட்கிற கேள்விதான். எப்போதும் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன். "நடுன்னு ஒண்ணு கிடையாது. வெறும் இடம் கிடந்து, அதுல ஒரு மூலையில வெடிச்சது இல்ல. இடமே அப்போதான் விரிய ஆரம்பிச்சது. அதனால எல்லா இடத்திலும்தான் ஆரம்பிச்சது."

"கருமத்தம்பட்டியிலயுங்களா?" என்றார் பழனியம்மாள்.

"கருமத்தம்பட்டியிலும்தான்."

"எங்கம்மா ஊடு பெரியநாயக்கன்பாளையமுங்க" என்றது ஒரு குரல். "அங்கயுங்களா?"

"அங்கேயும்."

"சென்னிமலையிலங்க?" சுமதி.

"சென்னிமலையிலும்."

ஆறு பேரும் அவரவர் பிறந்த ஊரைச் சொல்லிக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். எத்தனையோ வகுப்பில் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இப்படி ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சரிபார்த்தவர்கள் யாரும் இல்லை. வெளியே வந்தபோது எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பட்டறையையும் சாலையையும் ஒரு மாதிரி புதிதாகப் பார்த்தார்கள். எனக்கு அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. நாளை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்க நினைத்தேன். காற்றடித்து, உள்ளே போய், கைப்பேசி விளக்கைப் போட்டேன்.

வெள்ளைத் துணியில், இருபத்துநான்கு சுளையிலும், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில், ஒன்று கதவோரம். இருபத்துநான்கு பொட்டு.

"யாரு வெச்சது இது?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பழனியம்மாள் முன்னால் வந்தார். "வேலை முடிஞ்சு வெளிய போற சாமானுக்குப் பொட்டு வெக்காம அனுப்பறதில்லீங்க. தார்ப்பாய்னா தையல் தொடங்கற தலைப்புல வெப்போம். இதுல தலைப்பு எங்கன்னு தெரியலீங்க. மொதலாளி உச்சியில ஒண்ணு வெச்சாப் போதும்னாரு. நாந்தான், டீச்சர் நடுவே இல்லைன்னு சொன்னாங்களே, எல்லா எடத்துலயும்தான் ஆரம்பிச்சுதுன்னாங்களே, ஒரு எடத்துல மட்டும் வெச்சா அது பொய்யாயிருமேன்னு… ஆளுக்கு நாலு வெச்சோமுங்க. அவங்கவங்க தெச்சதுல."

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதிகாரியும் அவர் கடிதமும் அழுக்கான வெள்ளைத் துணியும்தான். புடவைத் தலைப்பை நனைத்து அருகில் இருந்த பொட்டை அழுத்தித் தேய்த்தேன். "தேய்க்காதீங்க டீச்சர், பரவுமுங்க" என்று பழனியம்மாள் கையைப் பிடிப்பதற்குள், அது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஜா நிறக் கறையாகிவிட்டது. நான் அவரிடம் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. படிக்காதவர்கள் என்ற சொல்லும் அதில் இருந்தது. அது போதும்.

"தப்புத்தானுங்க" என்றார் பழனியம்மாள்.

ரங்கநாதன் பிடித்துக் கொடுத்த, முட்டை ஏற்றும் வேனில் மூட்டையைப் போட்டு விமான நிலையம் போனேன். பழனியம்மாள் சாலைவரை வந்து நின்றார். நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் ஒரு பாதுகாவலர் மூட்டையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டு, "இது என்னங்க?" என்றார். வானம் என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானத்தில் தண்ணீருக்காகப் பையைத் துழாவியபோது ஒரு பொட்டலம் கையில் பட்டது. செய்தித்தாளில் சுற்றிய ஆறு கச்சாயம், வெல்ல வாசனையோடு, எண்ணெய் ஊறி. நான் கத்துவதற்கு முன்னால் வைத்ததா, பின்னால் வைத்ததா? இரண்டில் எது என்றாலும் எனக்கு அவமானம்தான். அழுதுகொண்டே இரண்டு தின்றேன்.

புதன்கிழமை, அதே தோட்டப் பள்ளி மண்டபம். அதிகாரி மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும், கையில் அட்டையும் படிவமும். தையலை இழுத்துப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். இரண்டாவது வாசலில் இரண்டு தரம் நுழைந்து வெளியே வந்தார். "பெரிய கோளரங்கக் கூடாரங்களில்கூட இதை நான் பார்த்ததில்லை. யார் யோசனை?" என்று மலாயில் கேட்டார். கோழி வளர்க்கிற ஊர்க்காரர்கள் என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகளோடு அவரும் தவழ்ந்து உள்ளே வந்தார். விளக்கை அணைத்தேன். கருமத்தம்பட்டி இருட்டு. பிள்ளைகள் ஓவென்று மூச்சை இழுத்தார்கள். பிறகு என் நிகழ்ச்சியின் முதல் காட்சி. ஒரே நொடியில் கூடாரம் முழுக்க வெண்மையாக ஒளிரும், பிரபஞ்சத்தின் தொடக்கம். ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் மேலே, கீழே, பின்னால், எல்லாப் பக்கமும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள் எழுந்து நின்றன.

"அந்தச் சிவப்புப் புள்ளிகள் என்ன?" என்றார் அதிகாரி.

பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். அளவெடுக்கும் அடையாளம் என்று ஒரு பொய். வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் தமிழில் சொல்லிவிட்டாள்: "அது பொட்டு சார். புதுசா எது செஞ்சாலும் வைப்பாங்க. எங்க அப்பா மோட்டார் சைக்கிள்லயும் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சொல்லி. நான் காட்சியை அப்படியே நிறுத்திவைத்தேன். பிள்ளை சொன்னதைச் சொன்னேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். இந்த வானத்தைத் தைத்தவர்கள் ஆறு பெண்கள், தொடங்கிய இடத்தில் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம், பிரபஞ்சம் எங்கே தொடங்கியது என்று என்னைக் கேட்டார்கள், எல்லா இடத்திலும் என்றேன், அதை நம்பினார்கள் என்று. இந்தக் காட்சியை எத்தனையோ பள்ளியில் காட்டியிருக்கிறேன். நடு என்று ஒன்று இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அந்த ஒன்று மட்டும் ஏன் கலைந்திருக்கிறது?"

"அது என் கோபம்" என்றேன்.

"நிகழ்ச்சியைத் தொடருங்கள், ஆசிரியை" என்றார். முடிந்து வெளியே வந்ததும், அட்டையைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மண்டபத்து வாசலிலேயே நின்று கருமத்தம்பட்டிக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே பழனியம்மாள் குரல்.

"டீச்சருங்களா! நல்லபடியா ஆச்சுங்களா?"

"ஆச்சு. அனுமதி கொடுத்துட்டாங்க. பழனியம்மா, அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. என்னை மன்னிக்கணும். தப்பு உங்களோடது இல்ல, என்னோடது."

"அத உடுங்க டீச்சர். கச்சாயம் தின்னீங்களா?"

"தின்னேன்."

"செரிங்க." கொஞ்சம் தயங்கினார். "பொட்டுத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

"எல்லா எடத்துலயுங்களா?"

"எல்லா இடத்திலும்தான்."

போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தறிச் சத்தத்தை மீறி அவர் மற்றவர்களுக்குக் கூவியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏனுங், டீச்சர் பேசறாங்க! அங்கயும் ஆரம்பிச்சிருச்சுங்களாம்!"